பாரோ மலையில் எனக்கொரு கொடி

அன்புள்ள சேவியர் மாமு,

பூட்டானுக்குப் போய் வந்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. இரண்டு பேரும் பட்ட ஆசையை நான் ஒருவனாவது முடித்துவைக்கலாம் என்றுதான் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். போகாமலே இருந்திருக்கலாம்.

ராயபுரத்தில் நம் ஸ்டுடியோவைத் திறந்த நாளிலிருந்து இதே பேச்சுதானே? மணலியில் ஒரு கல்யாணம் எடுத்துவிட்டு வந்தால், கேமராவில் படிந்த ஆலைக் கரியைத் துடைத்தபடி புலம்புவாய். "ஒரு தபா சுத்தமான காத்துல படம் புடிக்கணும் மாமு. இங்க லென்ஸ தொடச்சிக்கினே வயசு பூடுது." பூட்டான் போவோம், போனால் சேர்ந்துதான் போவோம் என்று முடிப்பாய். நானும் நம்பினேன்.

பாரோ பக்கம் ஒரு விவசாயி வீட்டில் தங்கினேன். காலையில் வீட்டுக்கார அம்மா கூரைமேல் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். படம் எடுக்கலாமென்று கேமராவைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "மூஞ்சக் காட்டு நைனா" என்றார்.

நான் கேமராவை இறக்கிவிட்டேன். கல்யாணப் பெண்ணிலிருந்து, சவப்பெட்டியைச் சுற்றி நிற்கிற சாவு வீட்டுக்காரர்கள் வரைக்கும் நீ சொல்கிற வார்த்தை அது. அந்த மலைக்கு அதை வேறு யார் கொண்டுபோயிருக்க முடியும்?

என்னோடு வந்த வழிகாட்டி இந்தி பேசுவார். அவர் விசாரித்துச் சொன்னார். மூன்று வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து பெரிய பெரிய கேமராக்களோடு ஒரு கூட்டம் வந்து தங்கியதாம். அதில் ஒருவர் கற்றுக்கொடுத்ததாம். உள்ளே சுவரில் அவர்கள் எடுத்துக்கொண்ட படம் இருந்தது. ஓரத்தில் நீ, தலை நிறைய முடியோடு. எந்த மாதம் என்று கேட்டேன். நீ வேளாங்கண்ணிக்கு நடந்து போன மாதம்.

காவி கட்டிய உன்னைத் தெருமுனை வரை வந்து வழியனுப்பியவன் நான்தானே? மொட்டைத் தலையோடு திரும்பினாய், கால் கொப்புளத்தை ஊருக்கெல்லாம் காட்டினாய். மலையேறி வந்த கொப்புளம் அது. மொட்டையை எங்கே வைத்து அடித்துக்கொண்டாய்? என் மகளின் உடைந்த கைக்கு மாதா எண்ணெய் என்று ஒரு புட்டி கொடுத்தாயே, ஜெபம் சொல்லிச் சொல்லித் தடவினோமே, அது என்ன எண்ணெய்?

அந்தக் கேமராக் கூட்டத்தில் ஒரே ஒரு இடம்தான் இருந்ததா? இல்லை, அவர்கள் நடுவில் என்னைக் கூட்டிப்போக வெட்கமா? சொல்லியிருந்தால் இரண்டு நாள் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன். அப்புறம் விமான நிலையம் வரை உன் பையை நானே தூக்கி வந்திருப்பேன். அது உனக்குத் தெரியாதா?

இதோடு நின்றிருந்தால்கூட ஆறியிருக்கும். அங்கே நீ ஒருநாள் தனியாக உட்கார்ந்து அழுதாயாம். ஏன் என்று அந்த அம்மா கேட்டதற்கு, கூட வரவேண்டிய தோஸ்து செத்துவிட்டான் என்றாயாம். பேர் பீட்டர் என்று என் பேரையும் சொன்னாயாம்.

செத்தவர்களுக்காக மேட்டில் உயரமான கம்பம் நட்டு வெள்ளைக்கொடி கட்டுவது அவர்கள் வழக்கம். அந்த அம்மா மனசு கேட்காமல் எனக்கும் ஒன்று கட்டியிருக்கிறார். கூட்டிப்போய்க் காட்டினார். மழையில் நைந்து, ஓரம் கிழிந்து கிடந்தது. என் கொடிக்கு முன்னால் நானே நின்றேன் மாமு. சிரிப்பதா, நீ எதிரில் இருந்தால் செருப்பைக் கழற்றுவதா என்று தெரியவில்லை.

அவர் சௌக்கியமா என்று அந்த அம்மா உன்னைப் பற்றிக் கேட்டார். சௌக்கியம் என்றேன். என் பேரைக் கேட்டபோது பீட்டர் என்று எப்படிச் சொல்வேன்? சேவியரின் தம்பி என்று சொல்லிவைத்தேன்.

நேற்று உன் மனைவி ஸ்டெல்லா ஸ்டுடியோவுக்கு வந்தாள். "அவரு கண்ணால பாக்காமலே பூட்டாருண்ணா. வருஷப் பூசைக்கு அந்த மலையில எடுத்த படம் ஒண்ணு குடு. அவரு போட்டோ பக்கத்துல மாட்டணும்." வேளாங்கண்ணியில் வாங்கியதாக நீ கொடுத்த ஜெபமாலை அவள் கையில் இருந்தது. அவளையும்தானே ஏமாற்றினாய்? எல்லாவற்றையும் கொட்டிவிட நாக்கு துடித்தது. அந்தக் கொடியின் படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னாண்ணா கொடி இது?"

"செத்தவங்களுக்குக் கட்டறதும்மா."

"அவருக்காவ கட்டிட்டு வந்தியாண்ணா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் தலையை ஆட்டினேன்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. அதில் சந்தேகம் வேண்டாம். பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, உன் தலைமாட்டு மெழுகுவர்த்தியிலேயே இந்தக் கடிதத்தைக் கொளுத்திவிடுவேன். ஸ்டெல்லாவுக்கு இது என் வாயால் தெரியவராது. இது சத்தியம். மாதா மேல் இல்லை, அதை நீ கெடுத்துவைத்திருக்கிறாய். என் மகள் மேல்.

இன்னும் சாகாத உன் தோஸ்து,
பீட்டர்