கறுப்பு என்று ஒரு வார்த்தை

அன்பு மகளுக்கு,

உன் கல்யாணத்துக்கு நான் வராததைப் பற்றி இதில் ஒரு வரிகூடக் கிடையாது. கிழித்துப் போடாமல் படி.

சுகாதார நிலையத்தில் எனக்கு அதே வேலைதான். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புகிறேன். மறுமாதம் வந்து, "எல்லாம் சாப்பிட்டேன் சிஸ்டர்" என்று வெறும் அட்டையை நீட்டுகிறார்கள். ரத்தம் மட்டும் ஏறியிருக்காது. "வெளிக்குக் கறுப்பா போகுதா?" என்று கேட்பேன். "சீ, அதெல்லாம் இல்லையே!" என்று பெருமையாகச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். மாத்திரை உள்ளே போயிருந்தால் கறுத்துத்தான் போகும்.

நேற்று உங்கள் பகுதியிலிருந்து ரத்தம் குறைந்தவர்களின் பட்டியல் வந்தது. பதினோராவது வரியில் உன் பெயர். ரத்தம் எட்டு கிராம்தான், ஆறாவது மாதம். நீ உண்டாகியிருப்பதே அந்த வரியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"தெரிஞ்சவங்களாக்கா?" என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

"ம்" என்றேன்.

சாப்பிட்ட பிறகு மாத்திரையைப் போடு. கூடவே டீ குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது. டீ என்றால் நீ உயிரை விடுவாய், தெரியும். இருந்தாலும் இரண்டு மணி நேரம் பொறு.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "நல்லா இருக்கேன்" என்பாய். அதுவும் வெறும் அட்டைதான். அதனால் நலமெல்லாம் எழுத வேண்டாம். ஒரு கார்டில் 'கறுப்பு' என்று மட்டும் எழுதிப் போடு.

தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கும்,
அம்மா