உதடு பின்னால், சத்தம் முன்னால்

12.5.2008 திங்கள்
விடிந்ததும் வெயில். என் சிடி கடையில் ஃபேன் ஓடியும் வேர்வை.

எழுத வெட்கமாக இருக்கிறது. வீடியோவில் பேரன் "தாத்தா" என்றுவிட்டான் என்று கம்பம் பஸ் ஸ்டாண்டு வரை சொல்லி, நாலு பேருக்கு டீயும் வாங்கிக் கொடுத்தேன். மறுபடி போட்டுப் பார்த்தால் அவன் வாய் நிறைய கேக். சொன்னது விருந்தாளி எவரோ.

துபாயில் அவனுக்கு முதல் பிறந்தநாள். மகன் பாண்டி நெட்டில் போட்ட வீடியோவை இறக்கி, என் மனைவி பேச்சி டிவியில் பார்க்க டிவிடி ஆக்கினேன். எல்லாருக்கும் எலிக்குரல். படம் போகப்போக சத்தம் முந்துகிறது, உதடு பிறகு அசைகிறது. ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் டிவிடி போட்டுக் கொடுக்கும் கடை!

13 செவ்வாய்
கரண்ட் இரண்டு தடவை போனது. மூன்றாம் தடவை பேச்சி முழுக்கப் பார்த்தாள். "தாத்தா வரலையா?" என்று விருந்தாளி கேட்கிறார். பதில்: "சிடி கடை ஆளை இங்கன கூட்டியாந்தா நம்ம மானம் போயிரும்." அசைந்தது மருமகளின் தம்பி சரவணன் வாய்.

பேச்சி டிவியை அணைத்தாள். அடுத்த மாதம் பேரனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டும். அதற்காகவே துபாயிலிருந்து லீவு போட்டுப் பெரியகுளம் வந்திருக்கிறான் சரவணன்.

"அவன் மடியில எம் பேரனை வைக்க வேணாம். இப்பவே சொல்லிப்புடுங்க."

போன் போட்டேன். எனக்குக் கோபத்திலும் கிண்டல்தான் வரும். "மாப்ள, மானம் போற சிடி கடை ஆள் பேசுறேன். உங்க மடி துபாய் மடி. எங்க பயலுக்கு வழுக்கும்." சரி மாமா என்று வைத்துவிட்டான்.

15 வியாழன்
தேனி. டிஸ்க், பேனா, பேச்சிக்கு மாத்திரை. கம்ப்யூட்டர் கடைக்காரர் விளக்கினார்: டிவிடி ஆடியோ வினாடிக்கு 48000 துணுக்கு, நெட்டில் இறக்கியது 44100, மாற்றாமல் சேர்த்தால் சத்தம் முன்னே ஓடிவிடும். நான் அதை சீரியல் நம்பர் என்றல்லவா நினைத்திருந்தேன்.

சாயங்காலம் ஆடியோவைத் தனியாகப் பிரித்து, மாற்றி, சேர்த்து, பழைய டிஸ்க்கை எறிந்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மனுசக் குரல். உதடும் சத்தமும் ஒன்று.

சரவணன் பேசியது கேக்கைப் பற்றி. "சிடி கடை ஆளை..." பாண்டி வாய். பாண்டி குரல். சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். என் சிரிப்பு, என் பல்வரிசை.

வேலை சுத்தம். ஒரு குறை சொல்ல முடியாது.

16 வெள்ளி
தூறல். பெரியகுளம் போனேன். சரவணன் வாசலுக்கே வந்து கூட்டிப் போனான். "நான் அப்படிப் பேசலை" என்று போனிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பாண்டி மச்சான் சொன்னாகன்னு உங்ககிட்ட நான் எப்படி மாமா சொல்ல?"

மடி என்ன ஆச்சு மாப்ள என்றேன். வழுக்காது மாமா என்றான்.

பேச்சிக்குச் சொல்வதில்லை. மகன் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். பேச்சையெல்லாம் எடுத்துவிட்டு நாதஸ்வரம் போட்டு இன்னொரு டிஸ்க் எழுதினேன். பேச்சியிடம், சத்தக் கோளாறு, சரவணன் அப்படிச் சொல்லவில்லை என்றேன்.

"பின்ன யாரு சொன்னாக?"

மிஷின் என்றேன்.

17 சனி
பேச்சு இருந்த டிஸ்க்கை இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டேன். இரண்டிலுமே "பேரன்" என்றுதான் எழுதியிருந்தேன். பேச்சி பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து டிவியைப் போட்டாள். நாதஸ்வரம் வரவில்லை. பாண்டி குரல் வந்தது.