மஞ்சள் ரயில் போன அன்று குனிந்தவர்கள்

அன்பு மிஹோவுக்கு அம்மா எழுதுவது. புத்தர் காவலில் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. நீ லிஸ்பனில் குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை நம் ஊர் நிலையத்தில், அதிவேக ரயில் மேடையின் கோடியில் இருந்தவர்கள்: உன் அப்பா, தபால் ஆபீசில் ஓய்வு பெற்ற உஷிரோதா சான், பல் டாக்டர் கமியா சான், அவருடைய மச்சான், ரயில் சத்தத்தை மட்டும் பதிவு செய்யும் மினோபே என்ற பெண், கடைசியில் நான். ஆள் விட்டுப்போகாமல் அன்றைக்கே வீட்டு நோட்டில் எழுதி வைத்தேன், ஏனென்றால் நடந்ததை நீ நம்பமாட்டாய்.

தண்டவாளத்தைச் சோதித்துக்கொண்டே ஓடும் மஞ்சள் ரயில் எந்த அட்டவணையிலும் இருக்காது, கண்ணில் பட்டால் நல்லது நடக்கும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். "ரயிலப் போய் எவளாவது கும்பிடுவாளா? அது தண்டவாளத்துக்கு வைத்தியம் பாக்குற வண்டி" என்று உன் அப்பா என்னைக் கேலி செய்தே முப்பது வருஷம் போயிற்று, ஆனால் அதைப் படம் பிடிக்க அந்தக் கூட்டத்தோடு நாலு மாதமாகக் காத்துக் கிடந்தார். அப்பா வாய் திறந்து கூப்பிட்டால்தான் புத்தாண்டுக்கு வருவேன் என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன், "சொந்த வீட்டுக்கு வர பத்திரிகை அடிச்சா கூப்பிடுவாங்க?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், சோற்று உருண்டையையும் மறந்துவிட்டார். அதைக் கொடுக்கத்தான் நான் போனேன். மேடையில் நடந்துகொண்டிருக்கும்போதே கமியா சானின் மச்சான் "அம்மா, தலை மறைக்குது! ரயில் வருது!" என்று கத்தினார். எனக்கு உயிரே போயிற்று. ரயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டேன். குனிந்தவளுக்கு எதிரே யாரால் நிமிர்ந்து நிற்க முடியும், உஷிரோதா சான் குனிந்தார், பெரியவர் குனிகிறாரே என்று நான் இன்னும் குனிந்தேன், கத்தியதற்காக மச்சான் குனிந்தார், மச்சானுக்காக கமியா சான் குனிந்தார், எனக்காக உன் அப்பா எல்லோருக்கும் குனிந்தார், வயதில் சின்னவள் என்று அந்தப் பெண்ணும் குனிந்தாள். மேடையில் முக்காலி வைக்கக் கூடாதென்பதால் எல்லார் காமிராவும் கையில்தான், அதுவும் கூடவே குனிந்தது. முதல் ஆளாகத் தலையைத் தூக்க யாருக்கும் துணிவில்லை. முதுகில் காற்று அடித்தது, நிமிர்ந்தபோது வெறும் தண்டவாளம்.

பிறகு நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்கள். நாலு படத்திலும் காலணிதான். "தலைவரே, உங்க படத்துலதான் தரை பளிச்சுன்னு இருக்கு" என்றார் கமியா சான் உன் அப்பாவிடம். உஷிரோதா சானின் ஒரு காலுறை நீலம், ஒன்று கறுப்பு. நான் அழாத குறை. அப்போது மினோபே "சத்தம் சுத்தமா விழுந்திருக்கு" என்று போட்டுக் காட்டினாள். குனிந்ததில் அவள் மைக் உன் அப்பாவின் வாய்க்கு நேரே போயிருக்கிறது. ரயிலின் இரைச்சல் தூரத்தில் எழுகிறது, அதற்கு முன்னால் கிட்டத்தில் உன் அப்பா: "எங்க மிஹோ புத்தாண்டுக்கு வீட்டுக்கு வந்துரணும், சாமி." உன் அப்பா முகம் சிவந்து, "அது உஷிரோதா குரல்" என்றார். "எனக்கு ரெண்டும் பையனுங்கப்பா, மிஹோவுக்கு நான் எங்க போவேன்?" என்றார் அவர். மினோபே மூன்று தரம் போட்டாள், மூன்று தரமும் உன் அப்பா கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயிலிடம் சொன்னது உன்னைக் கூப்பிட்டதாகுமா என்று விளக்கேற்றி உட்கார்ந்து யோசித்தேன். நீ கேட்டது வாய் திறந்து கூப்பிட வேண்டும் என்பதுதானே, திறந்தது அவர் வாய்தான். அந்தப் பதிவை இதோடு சின்ன மெமரி அட்டையில் வைத்திருக்கிறேன், நீயே கேள். வியாழக்கிழமை உன் மெத்தை வெளிக் கம்பியில் காய்ந்தது, உன் அப்பாவைக் கேட்டால், "வெயில் வீணாப் போகுதேன்னு போட்டேன்" என்கிறார்.

உலர்ந்த சீமைப்பனிச்சைப் பழம் அனுப்பியிருக்கிறேன், ஒரே நாளில் தின்றுவிடாதே. வயிற்றுக்குச் சூட்டுத்துணி கட்டிக்கொள். நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். வருகிறாயா என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
யசுயோ