எக்கோவில் மிச்சம் இருந்தது

வெள்ளி

காலையிலேர்ந்து மழை. ஈப்போ டவுன்ல எந்த வீட்டுலயும் துணி காஞ்சிருக்காது.

பாடுற குரலுக்கு எக்கோ குடுக்க நான் எழுதற பிளக்-இன் புரோகிராம் வேலை ஏறக்குறைய முடிஞ்ச மாதிரி. முன்ன எக்கோ கூட்டுற குமிழைத் திருப்பினா கரகரன்னு வரும். இப்ப மெதுவா நகர வச்சிருக்கேன், வழவழன்னு ஏறுது. பைபாஸ் பட்டனும் ஓகே. அமுக்கினா பாட்டு எக்கோ இல்லாம நேரா போயிரும், எடுத்தா விட்ட இடத்துலேர்ந்து எக்கோ தொடரும். நடுவுல டிக்னு ஒரு சத்தம் கிடையாது. எனக்கே பெருமை.

நாளைக்கு செமோர்ல கல்யாண விருந்து. கோமளா அக்கா பாடுறாங்க. தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் மேடை, பாவம், பயம். அவங்களே சொன்னாங்க, "உன் சாமானையே போடு லா தேவி. நம்ம புள்ள செஞ்சது இருக்கறப்ப வெளில எதுக்கு?" லேப்டாப்போட வாரேன்னுட்டேன்.

வாங்கணும்: மைக் வயர், முட்டை, அம்மா மருந்து.

சனி, வீட்டுக்கு வந்து

எழுத வேணாம்னுதான் இருந்தேன்.

விருந்துக்கு முன்ன டேவான் ஹால்ல சவுண்ட் செக். சவுண்ட் மிக்சரைப் பாத்துக்கிட்டது ரவி அண்ணே. அக்கா சேலை மாத்தப் போயிருந்தாங்க. மைக் என் கையில. அண்ணே கேட்டார், "மேல் சுருதி எட்டுமா அக்காவுக்கு?" என் வாய் இருக்கே. "எக்கோ போட்டு மூடிருவோம்ணே, அக்காவுக்குத்தான் குரலே இல்லையே." சொல்லி முடிக்கல, அண்ணே சிரிச்சுக்கிட்டே பைபாஸை அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

அப்புறம் ஹால் நிறைய ஜனம். முதல் பாட்டு, முதல் வரி எக்கோ இல்லாமதான். நல்லாத்தான் பாடினாங்க. ரெண்டாவது வரிக்கு அண்ணே பைபாஸை எடுத்தார்.

ஸ்பீக்கர்ல என் குரல். குரலே இல்லையே. குரலே இல்லையே. குரலே இல்லையே. தேஞ்சு தேஞ்சு, பின் மேசை வரைக்கும்.

"யாரு லா அது, பாட்டுக்குள்ள பேசறது?"ன்னு ஒருத்தர். அவர் மேசையே சிரிச்சிருச்சு. அக்கா திரும்பி என்னைப் பாத்தாங்க. பாட்ட முடிச்சாங்க, மேல போற இடத்தையெல்லாம் கீழயே பாடி. அடுத்த பாட்டுக்கு மேடை ஏறல. ஃபோன்ல இருந்த பாட்டை ஓட விட்டாங்க.

நான் சமையக்கட்டு வழியா நழுவிட்டேன். சொல்லிக்காம. அண்ணேகிட்ட மட்டும், "லேப்டாப் மக்கர் பண்ணிருச்சுணே." தூ.

ஞாயிறு. வெயில்

காரணம் தெரிஞ்சுது. பைபாஸ் அமுக்கினதும் புரோகிராம் தூங்கிருது, கடைசியா கேட்டதை வாயிலயே அடக்கிக்கிட்டு. எழுப்பினா துப்புது. டிக் சத்தம் வரக்கூடாதுன்னு நான்தான் அழிக்காம விட்டேன். வெள்ளிக்கிழமை பெருமைப்பட்டேனே, அதே இடம்.

செய்யணும்:
– பைபாஸ்ல இருக்கறப்ப உள்ள மிச்சம் இருக்கற எக்கோ, வெளில கேக்காம, தேஞ்சு அடங்கணும்
– பைபாஸை எடுக்கறப்ப எக்கோ மெதுவா ஏறணும்
– சேவ் பண்றப்ப குமிழ் இருந்த இடமும் பைபாஸ் நிலையும் மட்டும். சத்தம் எதுவும் கூட வரக்கூடாது
– அக்காவுக்கு ஃபோன்

கடைசியத் தவிர எல்லாம் முடிஞ்சது. திருத்தக் குறிப்புல "பழைய சத்தம் மிச்சம் இருந்தது, சரி செய்யப்பட்டது"ன்னு போட்டேன். யாரோட சத்தம்னு போடல.

செவ்வாய்

தலைவலி. மீன் குழம்பு.

அம்மா: "கோமளா கோயில் பஜனைக்குக் கூட வரலையே. தொண்டை திரும்பக் கட்டிக்கிச்சா?" தெரியாதும்மான்னு சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன்.

"சாரிக்கா, டெக்னிக்கல் ப்ராப்ளம்"னு அக்காவுக்கு மெசேஜ் அடிச்சேன். அழிச்சேன். டெக்னிக்கலாம். சொன்னது யாரு? வெக்கமா இருக்கு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க வீட்டுப் பக்கம் போறது.

வியாழன்

ரவி அண்ணே லேப்டாப்போட அவர் சவுண்ட் கடைக்கு வரச் சொன்னார். போனா அக்கா உக்காந்திருக்காங்க. வாசல்லயே நின்னுட்டேன்.

"லூமுட்ல ஒரு விருந்துல பாடக் கூப்பிட்டிருக்காங்க. ஒத்துக்கலாமா வேணாமான்னு இருக்கேன். உன் சாமான் சரியாச்சா?"

"சரியாச்சுக்கா. டெஸ்ட் பண்ணிட்டேன்."

"என்ன சொல்லிப் பாத்த?"

"ஹலோ, ஒன் டூ."

மைக்க என் கையில குடுத்தாங்க. "அன்னிக்குச் சொன்னதச் சொல்லு."

கெஞ்சிப் பாத்தேன். மன்னிச்சுருங்கக்கான்னேன். "அது இருக்கட்டும். சொல்லு." தரையப் பாத்துக்கிட்டே சொன்னேன்.

மிக்சர்லேர்ந்து அண்ணே, "சத்தமா லா. மீட்டரே அசையல."

நிமிந்து அவங்க மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். அக்காவுக்குத்தான் குரலே இல்லையே. அண்ணே பைபாஸ் அமுக்கினார். கொஞ்ச நேரம் விட்டு எடுத்தார். ஸ்பீக்கர் கம்முனு இருந்துச்சு.

அக்கா மைக்க வாங்கிக்கிட்டாங்க. "திரும்ப பைபாஸ்ல போடு ரவி, எக்கோ வேணாம்."

அதே பாட்டு. மேல எட்டல. குரல் உடைஞ்சுது. என்னைப் பாத்துக்கிட்டே திரும்ப முதல்லேர்ந்து எடுத்தாங்க.