பென்சில் பெருக்கல் குறி

அக்கா,

இன்று காலை என் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவிப் பேராசிரியை கொண்டுவந்தாள். அவளுடைய முதல் ஆய்வு. நோயாளிகளைச் சந்தித்துப் பேச எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி வேண்டும். அதற்கு வழிகாட்டி என்ற முறையில் நான் கையெழுத்திட வேண்டும். பதினெட்டுப் பக்கம். இந்த அம்மாவுக்குப் படிக்க நேரமிருக்காது என்று அவளே முடிவுசெய்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய ஐந்து இடங்களிலும் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள்.

பேனாவைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "மேடம், தண்ணி தரட்டுமா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். மதியத்துக்கு மேல் வரச் சொல்லி அனுப்பிவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் போய் அடுத்த வாரத்தோடு இரண்டு வருடம். இந்த இரண்டு வருடத்தில் நோயாளியின் ஒப்புதலைப் பற்றி மூன்று கட்டுரை எழுதிவிட்டேன், இரண்டு கருத்தரங்கில் பேசிவிட்டேன். உங்களுக்கு ஒரு வரி எழுதத்தான் கை வரவில்லை.

நீங்கள் என்னிடம் வந்து சேர்ந்த நாள் நினைவிருக்கிறதா? மருத்துவச் சட்டத்திலும் மருத்துவ அறவியலிலும் ஆய்வு செய்யும் இளம் ஆசிரியர்கள் நால்வரை என் பொறுப்பில் விட்டிருந்தது எங்கள் சட்டக் கல்லூரி. சனிக்கிழமைதோறும் நூலகத்தில் கூடி, அவர்கள் எழுதுவதைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. மூன்று பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாலாவது ஆளாக நரைத்த தலையோடு, டிபன் பையோடு நீங்கள் நுழைந்தீர்கள். யாரோ மாணவியின் அம்மா என்று நினைத்து, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டேன்.

"இளம் ஆசிரியர் வந்துகீறேன் மேடம்" என்றீர்கள். நூலகமே சிரித்தது.

உங்களுக்கு ஐம்பத்திரண்டு வயது, எனக்கு நாற்பது. கள்ளிக்குப்பத்தில் பிறந்து, இருபத்திரண்டு வருடம் நர்சாக இருந்து, நாற்பத்தைந்தில் அந்த வேலையை விட்டுச் சட்டம் படித்து வந்தவர் நீங்கள். நான் பள்ளியிலிருந்து நேரே கல்லூரிக்குப் போய், கல்லூரியிலிருந்து நேரே கல்லூரிக்கே வேலைக்கு வந்தவள். ஒரு வார்டில் முழுதாக ஒரு நாள் நின்றதில்லை. ஆனால் வழிகாட்டி நான். கல்லூரி வாசல்வரை நான் உங்களுக்கு மேடம். பூந்தமல்லியில் ஆவடி பஸ் ஏறிவிட்டால் பாப்பா. "இன்னா பாப்பா, காலையில அந்தப் பையன அந்தக் காய்ச்சு காய்ச்சுற? அவன் எழுதுனதுல ஒரு பக்கமாச்சும் நல்லா கீதில்ல, அத மொதல்ல சொல்லு." ஆவடியில் நீங்கள் கோவில்பதாகை ஷேர் ஆட்டோ பிடிக்கும்வரை எனக்குப் பாடம் நடக்கும். அம்பத்தூர் போய்ச் சேரும்வரை நான் அதை அசைபோட்டுக்கொண்டு போவேன். அடுத்த சனிக்கிழமை அந்தப் பையனிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவேன்.

நால்வரில் ஒருவனான அந்தப் பையனை வைத்து நீங்கள் நடத்திய நாடகத்தை இன்றைக்கும் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நோயாளியின் சுயநிர்ணய உரிமை என்று முன்னூறு பக்கம் எழுதிக்கொண்டிருந்தவன் அவன். "தம்பி, மேசை மேல படு" என்றீர்கள். படுத்தான். கையில் ஒரு அட்டையும் காகிதமுமாக நீங்கள் வந்தீர்கள். நடையே மாறிவிட்டது.

"இன்னா நைனா, காலையில எதுனா துன்னியா? இல்லியா? சமத்து. கூட யாரு வந்துகீறாங்க? டாக்டர் வந்துகினே கீறாரு, பயப்படாத. இங்க ஒரு கையெழுத்து. குறி போட்டுகீறேன் பாரு, அங்கதான். கீழ ஒண்ணு. அவ்ளோதான், முடிஞ்சிது."

அவன் போட்டுவிட்டான். காகிதத்தை என்னிடம் நீட்டி உரக்கப் படிக்கச் சொன்னீர்கள். என் இரண்டு சிறுநீரகங்களையும் இந்தக் கல்லூரி நூலகத்துக்கு மனமுவந்து அளிக்கிறேன் என்று எழுதியிருந்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீங்கள் மட்டும் சிரிக்காமல் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டீர்கள். "வார்டுல நான் இத விட வேகம் மேடம்" என்றீர்கள்.

அதற்கு அடுத்த மாதம்தான் உங்கள் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயத்தைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். மற்ற அத்தியாயங்களில் சட்டம் இருந்தது, தீர்ப்புகள் இருந்தன. இதில் நீங்கள் இருந்தீர்கள். இருபத்திரண்டு வருடம் நோயாளிகளிடம் எப்படிக் கையெழுத்து வாங்கினேன் என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதியிருந்தீர்கள். பென்சில் குறி போட்டால் நோயாளியின் கண் அந்தக் குறிக்குத்தான் போகும், மேலே எழுதியிருப்பதற்குப் போகாது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது.

நடுவில், பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் வேலை பார்த்த ஒருவர் வருவார். எந்திரத்தில் கை சிக்கி வந்தவர். நசுங்கிய இரண்டு விரலை எடுப்பார்கள் என்று நினைத்து, மீதி விரல்களால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் தேவைப்பட்டால் மணிக்கட்டுவரை என்று இருந்தது. தேவைப்பட்டது. மயக்கம் தெளிந்ததும், "யாரக் கேட்டு எடுத்தீங்கோ?" என்று உங்களைத்தான் கேட்டார். நீங்கள் கேஸ் கட்டை எடுத்துவந்து அவருடைய கையெழுத்தைக் காட்டினீர்கள். அந்தக் கையால் அவர் போட்ட கடைசிக் கையெழுத்து அதுதான் என்று எழுதியிருந்தீர்கள்.

படித்து முடித்தபோது நல்ல எழுத்து என்று தெரிந்தது. தெரிந்தும் எடுக்கச் சொன்னேன்.

அன்று உங்களிடம் சொன்ன காரணங்களை வரிசையாக இன்றும் ஒப்பிப்பேன். சொந்த அனுபவம் சான்று ஆகாது. பழைய மருத்துவமனை உங்கள் மேல் வழக்குப் போடலாம். எந்த இதழும் இதை வெளியிடாது. ஒன்றும் முழுப்பொய் இல்லை. சொல்லாத காரணம் ஒன்றுதான். அடுத்த மாதம் எனக்குப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். இது ஆய்வேடா டைரியா என்று வெளித்தேர்வாளர் கேட்டால் என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். உங்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

நீங்கள் சண்டை போடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். பஸ்ஸில் என்னை உண்டு இல்லை என்று ஆக்குவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரிங்க மேடம். நீங்க சொன்னா சரிதான்" என்றீர்கள். அன்று ஆவடிவரை ஒரு பேச்சும் இல்லை. உங்களுக்குக் களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலாம் அத்தியாயம் இல்லாமல் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. எனக்குப் பதவி உயர்வு வந்தது. உங்கள் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வரவில்லை.

தேதிக்குக் காத்திருந்த நாட்களில்தான் அந்தச் சனிக்கிழமை. ஒரு வாரமாக, "கேஸ் ட்ரபுள் பாப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் நூலக மேசையைப் பிடித்தபடி சரிந்தீர்கள். ஆம்புலன்ஸில் உங்கள் கண்ணாடியைக் கழற்றி என் கைப்பைக்குள் வைத்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். குடல் ஓரிடத்தில் அழுகத் தொடங்கிவிட்டது, உடனே அறுவை செய்தாக வேண்டும் என்றார்கள். உங்கள் மகள் பெங்களூரிலிருந்து கிளம்பியிருந்தாள். பணியிலிருந்த இளம் மருத்துவர் படிவத்தை என்னிடம் நீட்டினார்.

"மேடம், நீங்க லா காலேஜ் ப்ரொஃபசர்தானே? இதெல்லாம் எங்களவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். ஒரு சைன் வாங்கிக் குடுத்துடுங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது. படிவத்தை ஒரு நிமிடத்தில் படித்துவிட்டேன். குடலின் ஒரு பகுதியை எடுக்கலாம், வயிற்றில் துளையிட்டு மலத்துக்குப் பை பொருத்தலாம், செயற்கைச் சுவாசத்தில் வைக்கலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம். எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்குத் தெரியாது. பையிலிருந்து பென்சிலை எடுத்து, மூன்று இடத்தில் பெருக்கல் குறி போட்டேன்.

"கண்ணாடி எங்க பாப்பா?" என்றீர்கள்.

"கண்ணாடி வேணாம்கா. குறி போட்டிருக்கேன், அங்க போடுங்க, போதும்."

"ஒண்ணு கேக்கணும்."

"வெளியே வந்ததும் கேளுங்கக்கா. இப்ப நேரமில்ல."

என்னைப் பார்த்தீர்கள். வலியில் முகம் வேர்த்திருந்தது, ஆனால் பார்வை தெளிவாக இருந்தது. "சரி. நீ சொன்னா சரிதான்" என்று சொல்லி மூன்று இடத்திலும் போட்டீர்கள்.

நேரமில்லை என்று சொன்னேனே, அறுவை அரங்கு தயாராக அரை மணிக்கு மேல் ஆனது. அதுவரை உங்களை ஸ்ட்ரெச்சரில் வராந்தாவில்தான் வைத்திருந்தார்கள். நான் பத்தடி தள்ளி ஜன்னலருகே நின்று கல்லூரி முதல்வருக்கு, உங்கள் மகளுக்கு, என் வீட்டுக்கு என்று போன் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை நீங்கள் கையை உயர்த்தினீர்கள். இதோ வருகிறேன் என்று விரலைக் காட்டினேன். பேசி முடித்துத் திரும்பியபோது கதவு மூடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள், மயக்கம் தெளியாமலே போய்விட்டீர்கள். மருத்துவர்கள் செய்யவேண்டியதைச் செய்தார்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அறுவை வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்றும் நான் சொல்லவில்லை. கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டு உள்ளே போயிருப்பீர்கள். அவ்வளவுதான். அந்த அவ்வளவைப் பற்றித்தான் நான் இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன்.

காரியத்துக்குக் கோவில்பதாகை வந்திருந்தபோது உங்கள் மகள் என்னைத் தனியாக அழைத்துப்போனாள். "ஆன்ட்டி, உள்ள போறதுக்கு முன்னாடி அம்மா எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டாள். "ஒண்ணும் சொல்லலம்மா. தைரியமாப் போனாங்க" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேள நீங்க கூட இருந்தீங்க" என்றாள். அந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து நாலாம் அத்தியாயத்தைத் தேடி எடுத்தேன். என் சிவப்பு மைத் திருத்தங்களோடு அப்படியே இருந்தது. பத்தாம் பக்கத்தில் நீங்கள் எழுதியிருந்தீர்கள்: கையெழுத்துப் போடும்போது பெரும்பாலானவர்கள் 'நீங்க சொன்னா சரிதான் சிஸ்டர்' என்பார்கள், அது சம்மதம் அல்ல, இனி இவளிடம் கேட்டுப் பயனில்லை என்று அவர்கள் முடிவுசெய்துவிட்டதன் அடையாளம், அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. அந்த வாக்கியம் அதன் பிறகும் மூன்று இடத்தில் வருகிறது. ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: திரும்பத் திரும்ப வருகிறது, குறைக்கவும்.

என்னிடம் நீங்கள் அதை இரண்டு தடவை சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு தடவையும் நான் அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இதுவரை எழுதியபோது காலையில் வந்த அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டாள். குறிகளை ரப்பரால் அழித்து வைத்திருந்தேன். உன் ஆய்வை எனக்கு விளக்கிச் சொல், கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். நோயாளிகளிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்றை மாற்றலாமா என்று கேட்டேன். மாற்றினால் என்ன ஆகும் என்று அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நீங்க சொன்னா சரிதான் மேடம்" என்றாள்.

"அப்படிச் சொல்லாதே!" என்று கத்திவிட்டேன். பாவம், கண் கலங்கிவிட்டது அவளுக்கு. உட்காரவைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்து கல்லூரி அலமாரியில் வைத்திருந்த உங்கள் நாலாம் அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்தேன். என் எதிரிலேயே படித்தாள். லேத்காரர் வரும் பக்கம் வந்ததும் நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து படித்தாள். பிறகு நிமிர்ந்து, "இத ஏன் மேடம் எடுக்கச் சொன்னீங்க?" என்றாள்.

ஒப்பிக்கும் காரணங்கள் மூன்றும் நாக்கு நுனிவரை வந்தன. "எனக்குப் பயம். என் பதவிக்காக" என்றேன். அவள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் கேள்வியை மாற்றலாமா வேண்டாமா என்று யோசித்துத் திங்களன்று சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நேற்று உங்கள் மகள் போன் செய்தாள். திதிக்கு ஊருக்கு வருகிறாளாம். "ஆன்ட்டி, நீங்க இல்லாம இலை போட மாட்டேன்" என்றாள். போன வருடம் கருத்தரங்கு என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இந்த முறை போகிறேன் அக்கா. அத்தியாயத்தையும் கொண்டுபோகிறேன். சாப்பிட உட்காரும் முன்பே, அம்மா ஒன்று கேட்க வேண்டும் என்றார், நான்தான் கேட்கவிடவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு எனக்கு இலை போடுவதும் போடாததும் அவள் இஷ்டம்.

அம்மா என்ன கேட்க வந்தார் என்று அவள் கேட்பாள். வீட்டுச் சாவியைப் பற்றியா, அவளுடைய கல்யாணத்தைப் பற்றியா, பிழைப்பேனா என்றா, என் நாலாம் அத்தியாயம் உன்னிடம் பத்திரமாக இருக்கிறதா என்றா? இரண்டு வருடமாக ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். அவளிடம் சொல்ல ஒரு பதிலும் என்னிடம் இல்லை. உங்கள் கண்ணாடி என் பையில்தான் இருந்தது அக்கா. அதை எடுத்துக் கொடுத்திருந்தால்கூட, கேட்டிருப்பீர்கள்.