நாற்பத்தோராவது வண்டின் சீட்டு

அன்பு மகன் கிரெய்வினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கருணையால் நானும் கோழிகளும் நலம், இடது முழங்கால் மட்டும் மழையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கனடாவில் நீயும் நலமாக, காலில் ஈரமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு இருக்க வேண்டும். பனிக்காலத்தில் ஒரு வண்டுகூடக் கண்ணில் படுவதில்லை என்று போனில் சொன்னாய், அது என்ன ஊரோ போ. இங்கே முதல் மழைக்கே வெள்ளி வண்டு சமையலறை விளக்குக்கு வந்துவிட்டது, அதன் முதுகில் என் மூக்குத் தெரிகிறது, இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. கூன்வண்டுகளும் வந்தாயிற்று. தொட்டதும் ஆறு காலையும் மடக்கிச் செத்ததுபோல் விழுமே, பொறுமையாகப் பார்த்தால் முதலில் மீசை அசையும், பிறகு எழுந்து நடக்கும். சவப்பெட்டியில் உன் தங்கை யிர்லானியைக் கிடத்தியிருந்தபோது எல்லோரும் அழுதார்கள், நான் அழவில்லை என்று ஊரே பேசியது. நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் கூன்வண்டு எழுந்து நடந்தால் பிடிக்காமல் விட்டுவிடுகிறேன்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போன செவ்வாய்க்கிழமை சான் ஹோசே அருங்காட்சியகத்திலிருந்து இலியானா என்றொரு அம்மாள் ஜீப்பில் வந்திறங்கினாள். நாம் வண்டு பிடித்து ஊசியில் குத்தி அவர்களுக்கு அனுப்பிய பெட்டிகளில் ஒரு சின்னப் பழுப்புச் சாணவண்டு இதுவரை உலகத்தில் யாருமே பேர் வைக்காததாம், அதற்குப் பிடித்தவள் என்று யிர்லானியின் பேரையே வைக்கப் போகிறார்களாம். “எங்க அந்தப் பொண்ணு? கையைப் பிடிச்சுக் குலுக்கணும்” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். என் வாயில் என்ன வந்தது தெரியுமா, “மலைக்குப் போயிருக்கா, வர நேரமாகும்” என்றுவிட்டேன். அவள் காபியை வாங்கிக்கொண்டு காத்திருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து வாசலைப் பார்த்தேன் மகனே, யிர்லானி வந்துவிடுவாள் என்றே பார்த்தேன். அந்த அம்மாள் கை கழுவ உள்ளே போனவள் மெழுகுவர்த்தியையும் படத்தையும் பார்த்துவிட்டாள். வெளியே வந்தவள் குரல் இறங்கிப்போய், “எப்போ?” என்று மட்டும் கேட்டாள். மூன்று வருடம் முன்பு அக்டோபர் பதினான்கு, ஆற்றில் வெள்ளம் என்று சொன்னேன். வண்டு பிடிபட்ட தேதி அதற்குச் சரியாக ஒரு வருடம் கழித்து.

பிடிப்பது யிர்லானி, ஊசியில் வண்டுக்குக் கீழே குத்தும் அரிசியளவுச் சீட்டில் இடம், தேதி, பிடித்தவர் பேர் எழுதுவது நான், அதுதானே நம் வீட்டு வழக்கம். அவள் போன பிறகு நானே பிடித்தேன், ஆனால் பேர் எழுதும் இடம் வந்ததும் கை அவள் பேரைத்தான் எழுதியது. நிறுத்த மனம் வரவில்லை. எழுதும் நேரம் மட்டும் அவள் பின்கட்டில் சேற்றுப் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருப்பது போலிருக்கும். இலியானா திட்டவில்லை. “பொய்ச் சீட்டு ஒண்ணு இருந்தாலே, உங்க பொண்ணு நிஜமா பிடிச்ச முந்நூறையும் யாரும் நம்ப மாட்டாங்கம்மா. பழசைக் கிழிக்காதீங்க, அது எங்க வேலையில கூடாது. அதுக்குக் கீழேயே உண்மையை எழுதிக் குத்துங்க” என்றாள். தப்பு மேலே, திருத்தம் கீழே, இரண்டும் ஒரே ஊசியில்.

காட்டுவதற்காக ஜீப்பில் கொண்டுவந்த பெட்டிகளை இலியானா என்னிடமே விட்டுப்போனாள், மூன்று நாளாக எழுதினேன். பொய்ச் சீட்டு மொத்தம் நாற்பத்தொன்று, நாற்பதின் கீழே என் பேரைக் குத்திவிட்டேன். மிச்சமிருப்பது அந்தப் பழுப்பு வண்டு. அதை நான் பிடிக்கவில்லை. அன்றைக்கு அவளுடைய வருட ஜெபம், விடிந்ததிலிருந்து நான் தமாலுக்கு மாவை வாழையிலையில் மடித்துக்கொண்டிருந்தேன், கைகூட ஒழியவில்லை. யார் பிடித்தது என்று நினைத்தபோது, உன்னிடம் ஏன் மறைக்க, அவள்தானென்று ஒரு நாள் முழுக்க நம்பினேன். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தேன். சீட்டில் இருந்த எழுத்து என்னுடையதைப் போலவே பொடியாக இருந்தது, தேதியில் இருந்த நாலு மட்டும் கவிழ்த்த நாற்காலி மாதிரி. டீச்சரிடம் எத்தனை தடவை அடி வாங்கினாய் அந்த நாலுக்காக. ஜெபத்துக்கு வந்திருந்த நீ விடியற்காலையில் காணாமல் போய், சேற்றுக் காலோடு வந்து, சிகரெட் வாங்கப் போனேன் என்றாயே.

அவள் ஆற்றோடு போன அன்று மண்ணில் புதைத்த வண்டுப் பொறிகளைப் பார்க்க வேண்டியது உன் முறை. நீ பந்தாடப் போனாய், உனக்குப் பதில் அவள் போனாள். இதை நீயும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. எனக்கு உன்மேல் கோபம் இருந்தது கிரெய்வின், நன்றாகவே இருந்தது. நீ ஒரு வருடம் தாமதமாக அந்தப் பொறிக்குப் போனது தெரியாமல் வைத்திருந்த கோபம். இப்போது தேடிப் பார்க்கிறேன், இல்லை.

இதோடு இரண்டு வெற்றுச் சீட்டு வைத்திருக்கிறேன், ஒன்று கெட்டால் இன்னொன்று. அழியாத மையில் எழுது. அவள் பேர் மேலே அப்படியே இருக்கட்டும், வண்டுக்கும் அவள் பேரே, பிடித்தவன் இடத்தில் உன் பேர் வர வேண்டும். கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. கடவுள் உன் பக்கத்தில் நடக்கட்டும், மாதா உன் தலைமேல் கை வைக்கட்டும்.

நாலை என்னைப்போல் எழுதப் பார்க்காதே, உன் நாலாகவே எழுது.

உன்னைப் பெற்ற
எலீதா