தம்பிக்கு ஒரு வாடகை வீடு

உத்திரமேரூர் வட்டம் திருப்புலிவனம் கிராமத்துப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் மற்றுமுள்ள ஆடு, மாடு, கோழிகளுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: இன்று ஞாயிற்றுக்கிழமை காலை, நெடுநாள் பேச்சுவார்த்தை தோல்வியடைந்த நிலையில், பலப்பிரயோகத்தின் பேரில் நம் தம்பி குளிப்பாட்டப்பட்டான். சேதாரம்: ஒரு வாளி, என் முழங்கை, அரை சோப்பு. மீதி அரை சோப்பை அவன் தின்றுவிட்டான்.

இதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, நைனா. காரணம் அந்த நாற்றம். ஈர நாயின் நாற்றம் எங்கே அடித்தாலும் எனக்கு உன் வண்டி ஞாபகம் வந்துவிடுகிறது. குட்டி யானை என்று ஊரே கூப்பிடும் அந்தச் சின்ன சரக்கு வண்டியில், மழை நாட்களில், டீசலும் உன் பீடியும் தம்பியின் நனைந்த முடியும் சேர்ந்து ஒரு வாசம் வருமே, அது. ஸ்டியரிங்கில் நீ, ஜன்னலோரம் தம்பி, நடுவில் கியர் முட்டியை இடிக்க நான். ஜன்னல் சீட்டு எனக்குக் கிடைத்ததே இல்லை. சண்டை போட்டால், "அவன் காத்து வாங்கட்டும்டா, நீ மூச்சு வாங்கு" என்பாய். எனக்கு வாய் நீளம் என்று அம்மா திட்டும்போதெல்லாம், அது எந்த வழியாக வந்தது என்று யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும்.

பெயரும் நீ வைத்ததுதானே. எனக்கு ஒரு தம்பி வேண்டும் என்று சின்ன வயதில் நான் தரையில் புரண்டு அழுதபோது, நீ வெளியே போய், தோள் துண்டில் ஒரு செவலை நாட்டுக்குட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாய். "இந்தா, தம்பி. அழுவாத." அன்றைக்கு அழுகையை நிறுத்தியவன்தான். நீ போன அன்றுதான் மறுபடி ஆரம்பித்தேன்.

உனக்கு நினைவிருக்கும், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாம் இருந்த பழைய வீட்டை இடித்துக் காம்ப்ளக்ஸ் கட்டப் போவதாகச் சொந்தக்காரர் சொன்ன கார்த்திகை மாதம். மார்கழி பிறந்துவிட்டால் நம் பக்கம் யாரும் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். அதற்குள் வீடு பிடித்தாக வேண்டும். ஊரில் பாதிப் பேருடைய பீரோவையும் கட்டிலையும் வீடு மாற்றிக் கொடுத்தவன் நீ. வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவனுக்கு வாடகைக்கு ஒரு வீடு அகப்படவில்லை. எல்லாக் கதவுகளும் ஒரே இடத்தில் வந்து மூடின: "நாய் கீதா?"

அம்மாவின் அண்ணன் சுலபமாக ஒரு வழி சொன்னார். "தாமல் ஏரிக்கரையில கொண்டும்போயி வுட்டுட்டு வா மச்சான். நாலு நாளு தேடும், அப்பாலிக்கா மறந்துடும்."

"தேடும்ன்ற இல்ல? அதான் பேஜாரே" என்று மட்டும் சொன்னாய்.

மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வீடு கட்டிய அந்த சாரை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது. நல்ல மனிதர். நாய் என்றதும் முகம் சுளிக்காத முதல் ஆள். "சாதுவான நாய்தானே?" என்றார்.

நீ பெருமையாக, "சாதுதான் சார். புது ஆளு வந்தா மட்டும் கொலைக்கும்" என்றாய்.

அவர் ஒரு அடி பின்னால் போனார். "இதுவரைக்கும் எத்தனை பேரை?"

"கணக்கு இன்னா சார் கணக்கு? யாரு வந்தாலும் கொலைக்கும். போஸ்ட்மேனக் கூட வுடாது."

கதவு மூடிய வேகத்தில் அவர் வீட்டுக் காலண்டர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. நாம் கொலைக்கும் என்பதைத்தான் மற்ற ஊர்க்காரர்கள் குரைக்கும் என்கிறார்கள் என்று வண்டியில் ஏறியதும் நான் விளக்கினேன். நீ சிரித்த சிரிப்பில் தம்பியே பயந்து குரைத்தான். அதாவது, கொலைத்தான்.

இன்னொரு வீட்டில் சிரிப்பு வரவில்லை. பேச்செல்லாம் முடிந்து சாவியைக் கையில் எடுத்த பிறகு அந்த ஆள் மெல்ல, "ஊர்ல எந்தத் தெரு நீங்க?" என்றார். நீ தெருவைச் சொன்னாய். அவர் உன்னைப் பார்க்காமல் வண்டியிலிருந்த தம்பியைப் பார்த்தார். "நாய்தான்... வூட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். திரும்பும் வழியில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் தம்பியின் காதைச் சொறிந்தபடி அவனிடம் சொன்னாய்: "எங்களுக்குச் சொல்லவேண்டியதையும் நீதான்டா வாங்கிக்கினு வர்றே." உன் குரலில் கோபம் இல்லை. அந்த ஆளிடம் இல்லாத ஏதோ ஒன்று உன்னிடம் இருந்தது. அதற்கு எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை, சொல்லை வைத்தே பிழைக்கிற எனக்கு.

பிறகுதான் இந்தத் திருப்புலிவனம் வீடு. மகன் சென்னையில் இருக்க, தனியாக வாழும் அம்மாள். முன்பக்கம் அவர், பின்பக்கம் வாடகைக்கு. இந்த முறை பேச்சுவார்த்தையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, தம்பியைத் தெருமுனையில் வண்டிக்குள்ளேயே விட்டுவரச் செய்தேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"எத்தினி பேரு?"

"நாலு பேருங்கம்மா. நைனா, அம்மா, நானு, தம்பி."

"தம்பி இன்னா படிக்கிறான்?"

"அவனுக்குப் படிப்பு ஏறலைங்க. வாச்மேன் வேலைதான் பாக்கறான்."

"ஐயோ, சின்னப் புள்ள! சாப்பாடுல்லாம் எப்டி?"

"எது போட்டாலும் சாப்புடுவான். பாத்திரத்தக் கூட நக்கிடுவான்."

அவர் கண்ணே கலங்கிவிட்டது. வீடு நமக்குத்தான் என்று ஆயிற்று. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தெருமுனைக்கு வந்தேன். நீ வண்டியைக் கிளப்பவில்லை.

"இன்னா நைனா, டீசல் இல்லியா?"

"டீசல் கீது." கதவைத் திறந்து தம்பியை இறக்கினாய். அவனை நடத்திக்கொண்டு நேராக அந்த வாசலுக்கே திரும்பிப் போனாய். பின்னாலேயே நான், தப்பி ஓட எந்தச் சந்து வசதி என்று பார்த்துக்கொண்டு.

"இன்னாத்த மறந்துட்டு வந்தே?" என்றார் அவர்.

"தம்பிய மறந்துட்டோம்மா. இவன்தான்."

அவர் தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன்.

"கட்டைல போறவனே, படிப்பு ஏறாத புள்ளயாச்சேன்னு அழுதுட்டேனேடா!"

"புள்ள பொய் சொல்லலம்மா. எங்க வூட்ல இவன் பேரு தம்பிதான். நீங்க நெனச்சிக்கினது வேற தம்பி. அதான் கண்ணால காட்டிட்டுப் போலாம்னு."

"நாய் வேணாம்பா. நான் வுடறதில்ல."

"சரிம்மா" என்று திரும்பிவிட்டாய். கெஞ்சவில்லை, முகம் கூடச் சுண்டவில்லை. மார்கழிக்கு நாள் நெருங்கிவிட்டது, கையிலிருந்த வீடு போய்விட்டது. நீ கேட்டைச் சாத்த அதன் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தாய். அவர்தான் பொறுக்காமல் கூப்பிட்டார்.

"ஏம்பா, சொல்லாமயே குடி வந்துட்டிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்?"

"வந்திருக்கலாம்மா. ஆனா நீங்க இந்தப் பக்கம் வர்றப்பல்லாம் அவன் வாயப் பொத்திக்கினு நிக்கணும். கொலைக்கக் கூடாத வூடு அவனுக்கு இன்னா வூடு?"

நைனா, நான் பேசாமல் இருந்ததை நீ பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்திருப்பாய். இருபது வார்த்தைகூட இருக்காது. என் சாமர்த்தியம் முழுவதும் அதன் பக்கத்தில் நின்று கை கட்டிக்கொண்டது.

அவர் ஆய்ந்த கீரையை முறத்தில் தள்ளினார். பிறகு, "கோலத்த மிதிப்பானா?" என்றார்.

மிதிக்கவே மாட்டான் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "மிதிப்பான்மா. அவனுக்குக் கோலம்லாம் தெரியாது. நான் தூக்கிக்கினு தாண்டிடறேன்" என்றாய்.

"தெனமுமா?"

"தெனமும்."

"ஒரு நாளு மிதிச்சாலும் காலி பண்ணிக்கணும்."

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் நான் பார்த்தது, கோயில் திருவிழாவில்கூடப் பார்க்காத காட்சி. ஊரார் பீரோவைச் சுமந்து வளைந்த முதுகில் வளர்ந்த நாட்டு நாயை ஆட்டுக்குட்டியைப் போலத் தூக்கிப் போட்டுக்கொண்டு, கோலத்தின் ஓரமாகக் கட்டை விரல் ஊன்றி ஒரே தாவலில் தெருவுக்குப் போவாய். தோளின் மேல் தம்பி, ஊர்வலம் போகிற சாமி மாதிரி இரண்டு பக்கமும் பார்ப்பான். முதலில் காவலுக்கு நின்ற வீட்டுக்காரம்மா, பிறகு வேடிக்கைக்கு நின்றார். "எறக்கி வுடேம்பா, ஒரு நாளு மிதிச்சாத்தான் இன்னா?" என்று அவரே சொன்னபோதும் நீ விடவில்லை. "தூக்கலன்னா கோச்சிக்கறான்மா."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றும், தம்பியை அந்தப் பக்கம் இறக்கி விட்டுத்தான் வண்டியில் ஏறினாய். நீ திரும்பி வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து, வாசலில் மறுபடி கோலம் விழுந்த முதல் காலையில், அம்மா என்னைப் பார்த்தாள். தம்பி வாசற்படியில் உட்கார்ந்து, தூக்குவதற்கு ஆள் வருமென்று காத்திருந்தான்.

நான்தான் தூக்கினேன். அன்றிலிருந்து தினமும் நான்தான். இந்த வீட்டைப் பிடித்ததும் நான்தான், காப்பாற்றுவதும் நான்தான் என்று ப்ளஸ் ஒன் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டு வாய் பிளந்தவர்கள் உண்டு.

உன்னிடம் மட்டும் அப்படிச் சொல்ல வரவில்லை. அந்த முதல் காலையில் அவன் என் கையிலிருந்து நழுவினான், நான் வழுக்கினேன், கோலத்துக்கு நடுவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரம்மா படியில் நின்று பார்த்தார். காலி பண்ணு என்ற சொல்லுக்காகத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் துடைப்பத்தை எடுத்துக் கோலத்தைக் கூட்டிவிட்டார். மறுநாள் கோலத்தை இடது பக்கமாகத் தள்ளிப் போட்டிருந்தார். வலது ஓரத்தில், வாசற்படியிலிருந்து தெரு வரைக்கும், ஒரு நாய் நடக்கிற அகலத்துக்கு வெறும் தரை.

இப்போது அந்த வழியாகத்தான் போகிறோம். ஆனாலும் தூக்காவிட்டால் இன்னும் கோபித்துக்கொள்கிறான். தூக்குகிறேன் என்றேனே, அது முன்னங்கால் இரண்டை மட்டும்தான், நைனா. பின்னங்காலில் அவனேதான் நடந்து வருகிறான்.